போத்தல் தண்ணீரும் ஒரு கொப்பியும்

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மீனும் இருக்காது, மரக்கறியும் இருக்காது. சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் போத்தல்கள்தான் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, ‘கச்சாய் 3’, ‘வரணி 7’, ‘மிருசுவில் 2’ என்று நீல மையில் எழுதியிருக்கும். ஒருநாள் சந்தையால் வந்த பக்கத்து வீட்டு மாமி தாகத்துக்கு ‘வரணி 7’ ஐ எடுத்துக் குடித்துவிட்டார். அந்தத் தண்ணீருக்காக அன்று விடியவே சைக்கிளில் வரணிக்குப் போய் வந்தவள் என் இளைய மகள். தலையில் கை வைத்தபடி குந்திவிட்டாள். மாமியோ, "தண்ணிதானே பிள்ளை, கிணத்திலை இன்னும் கிடக்குந்தானே" என்று ஆறுதல் சொன்னார்.

நான் கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்கிறவள். அங்கே எல்லோருக்கும் எல்லோருடைய பிள்ளைகளையும் தெரியும். டொக்டர், ரீச்சர், கிராம அலுவலர் என்று ஒரு சொல்லில் கதை முடிந்துவிடும். என் இளையவளின் வேலைக்கு அப்படி ஒரு சொல் இல்லை. "தண்ணி ஆராய்ச்சி" என்றால், "அதிலை என்ன ஆராய்ச்சி? நாக்கிலை வைச்சால் உவரோ நல்லதோ எண்டு தெரியும்தானே" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என்னைப்போலத் தனியாக நின்று பெண்பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இப்படி ஒரு படிப்பைக் கேட்டு நிற்கக்கூடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எமது குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் எமக்கு எல்லாம். அது மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கிறது. அதற்கும் அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். மகள் இதை எனக்கு ஒரு கிளாஸில் தண்ணீர் விட்டு, அதன்மேல் தேங்காயெண்ணெயை ஊற்றிக் காட்டினாள். எண்ணெய் மிதக்கிறதுபோல நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறதாம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஒரு கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு தூரம் ஏறப் பார்க்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கச்சாய்ப் பக்கத்துக் கிணறுகள் ஆவணியில் ஏன் உவர்க்கின்றன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ஐம்பது வயதுக்குப் பிறகு!

கிணற்றைப் பற்றி எழுதினால் 1995 ஐ எழுதாமல் விட முடியாது. ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வளவில் மாத்திரம் 14 குடும்பங்கள் இருந்தன. கிணற்றடியில் இரவும் பகலும் வரிசை. மூன்றாம் நாள் வாளியில் சேறு வந்தது. சாமம் இரண்டு மணிக்கு ஊற்று வரட்டும் என்று பெண்கள் கட்டிலே குந்தியிருப்போம். வந்த தண்ணீரைப் பழைய வொயில் சேலையை நாலாக மடித்து அதில் வடித்தோம். காய்ச்ச விறகு இல்லை. அப்போது இளையவளுக்கு ஒன்றரை வயது. வயிற்றோட்டம் தொடங்கி இரண்டாம் நாள் கண் உள்ளே போய், அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள். எங்கேயோ கிடைத்த இரண்டு பைக்கற் ஜீவனியைக் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கித்தான் அவளைத் திருப்பி எடுத்தோம். அந்த ஜீவனியைக் கரைத்ததும் அதே தண்ணீரில்தான்.

அந்தச் சேலைக் கதையைப் பல வருடம் கழித்து மகளுக்குச் சொன்னபோது அவள் சிரித்தாள். றீற்றா கொல்வெல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பங்களாதேசக் கிராமங்களில் இதையே ஆராய்ந்திருக்கிறாராம். கொலராக் கிருமி தண்ணீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய சேலையை நாலாகவோ அதற்கு மேலாகவோ மடித்து வடித்தால் அந்த உயிரிகள் துணியில் நின்றுவிடும். இப்படிச் செய்த கிராமங்களில் கொலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003 இல் முடிவு வெளிவந்தது. 2010 இல் அவருக்கு ஸ்ரொக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. நாங்கள் கலங்கலை எடுக்கத்தான் வடித்தோம். எல்லாக் கிருமியும் அதில் நிற்காது என்பதற்கு என் மகளே சாட்சி.

2000 ஆம் ஆண்டு சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது நாங்கள் வடமராட்சிக்கு ஓடினோம். வீட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன என் கணவர் திரும்பவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. 2002 இல் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. கிணற்றை இறைத்தபோது தகரம், தென்னங்குற்றி, சப்பாத்து என்று என்னென்னவோ வந்தன. இளையவள் கிணற்றடியை விட்டு அசையாமல் நின்று பார்த்தாள். கடைசியில் அடிக்கல்லுக்குள்ளால் தண்ணீர் தெளிந்து வந்ததை அவள் இன்றைக்கும் சொல்லுவாள்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு எடுபட்டாள். அது கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. கொடிகாமத்தில் ஏ-9 றோட்டில் பஸ் ஏறினால் போய்விடலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. குடிசார் பொறியியலில் மற்றப் பிள்ளைகள் கட்டிடம், றோட்டு என்று போனார்கள். அதில் கொந்துராத்து வேலை உண்டு, கொழும்பு உண்டு, கட்டார் உண்டு. இவள் கடைசி வருடம் நிலத்தடி நீரை எடுத்தாள். முதல் போத்தலை எங்கள் கிணற்றில்தான் அள்ளினாள்.

அந்தப் போத்தல் எங்கள் வீட்டில் பெரிய சண்டையைக் கொண்டுவந்தது. அந்த நேரம் மூத்தவள் நாலு மாதக் குழந்தையோடு வந்து நின்றாள். தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சின்னவள் ஒரு பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்த வேகத்திலேயே, "பிள்ளைக்கு எங்கடை கிணத்துத் தண்ணியிலை பால் கரைக்காதேங்கோ" என்றாள். நைத்திரேற்று கூடவாம். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. 14 குடும்பத்தைக் காப்பாற்றிய கிணறு அது. "நல்லாக் காய்ச்சித்தானே குடுக்கிறம்" என்றேன். அப்போது அவள் சொன்னதை ஒவ்வொரு தாயும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சினால் கிருமிதான் சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிச்சத் தண்ணீரில் அது இன்னும் செறியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. நாக்கிலே வைத்துப் பார்த்துத் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்துக் கூட. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு திரிகிற சக்தி குறைந்து, குழந்தை நீலம் பாரிக்கும். தோட்டத்துக்குப் போடுகிற யூரியா, மாட்டெரு, மலசலகூடக் குழி இவற்றிலிருந்து இது தண்ணீருக்குள் இறங்குகிறது. மீள்குடியேற்றத்தில் கிடைத்த உதவியில் கட்டிய எங்கள் மலசலகூடம் கிணற்றிலிருந்து எத்தனை அடி? மூத்தவள் கயிறு எடுத்து அளந்தாள். 30 அடிகூட வரவில்லை. சாதாரணமாக 50 அடியாவது வேண்டும் என்பார்கள். எங்கள் சுண்ணாம்புக் கல்லில் அதுவும் போதுமோ தெரியாது. கட்டும்போது ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பால் கரைக்கிற தண்ணீரைப் பரிசோதித்த இன்னொரு கிணற்றிலிருந்து கொண்டுவந்தோம். பிறகு சீட்டுக் காசை எடுத்துக் குழியை வளவின் மற்ற மூலைக்கு மாற்றினோம். எனக்கு உள்ளுக்குள் சுட்டது வேறொன்று. யாழ்ப்பாணக் கிணற்று நீரிலும் மண்ணிலும் நைத்திரேற்று இருப்பதை மகேஸ்வரன், மகாலிங்கம் என்ற இரு ஆய்வாளர்கள் 1983 இலேயே எழுதிவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். அந்த வருடத்தை எமக்கு வேறு காரணத்துக்காகத்தான் ஞாபகம். பிறகு யாழ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராஜசூரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் வலிகாமத்துக் கிணற்று நீரைப் பற்றி எழுதிய கட்டுரை 2002 இல் இலண்டனில் வெளிவந்தது. நாங்கள் கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்த அதே வருடம். எழுதியவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எங்கள் கிணற்றடிக்கு அது வந்து சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

2019 இல் பட்டம் கிடைத்தது. இனிச் சம்பளம்தான் என்று நினைத்தேன். தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை வந்தது. ஒவ்வொரு வருடமும் கடிதம் முடியும், திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் கொரோனா. பிறகு முதுகலை ஆய்வு. 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோது கிணறு கிணறாகச் சைக்கிளில் திரிந்தாள். போத்தல்களை ஐஸ் பெட்டியில் வைத்து ஒருநாளுக்குள் ஆய்வுகூடத்துக்குச் சேர்க்காவிட்டால் பற்றீரியாக் கணக்குப் பிழைத்துவிடும். அந்த வருடம் பரிசோதனைக்கான இரசாயனங்களும் வரவில்லை. ஐந்து மாதம் அள்ளிய தண்ணீர் வீண். இரவு பிந்தினால் நான் கொடிகாமம் சந்தியில் ரோச் லைற்றோடு நிற்பேன். சிலர் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

அவள் எழுதிய கட்டுரை ஒன்று இரண்டு தரம் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் எடுத்தார்கள். அன்றைக்கு நான் பாயாசம் வைத்தேன். காசு எவ்வளவு தருவார்கள் என்று மாமி கேட்டார். ஒரு சதமும் இல்லை என்றதும் பாயாசக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

2023 இல்தான் தகுதிகாண் விரிவுரையாளராக எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பெரிய பட்டம் எடுத்தால்தான் நிரந்தரம். பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர், அதிலும் இரண்டாம் தரம், முதலாம் தரம், அதற்கப்பால் பேராசிரியர். கலியாணம் பேசி வந்தவர்கள், "இன்னும் எவ்வளவு காலம் படிக்கிறது?" என்று எழும்பிப் போனார்கள். நானும் ஒருநாள் அதையே கேட்டுவிட்டேன். அவள் கோபிக்காமல் எலன் றிச்சேட்ஸ் என்ற பெண்ணின் கதையைச் சொன்னாள்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1870 இல் முதன்முதலாகச் சேர்த்த பெண் அவர். சேர்த்தார்களே தவிரக் கட்டணம் வாங்கவில்லை. இரக்கத்தால் அல்ல; யாரும் கேட்டால், அவர் எங்கள் மாணவி இல்லை என்று சொல்வதற்காக. அவர்தான் 1887 இல் தொடங்கி அந்த மாநிலத்தின் குடிநீரைப் பரிசோதித்தவர். ஆயிரக்கணக்கான போத்தல்கள். கடலோரக் கிணற்றில் உப்பு இயல்பாகவே கூட இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். எந்த இடத்தில் எவ்வளவு உப்பு இயல்பு என்று அவர் ஒரு வரைபடம் போட்டார். அதைவிடக் கூட இருந்தால் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். இவ்வளவும் செய்தவர் 1884 இல் போதனாசிரியராக நியமிக்கப்பட்டு, 1911 இல் சாகும்வரை அதே பதவியில்தான் இருந்தார். பேராசிரியர் ஆக்கவில்லை. "எனக்கு அவவைவிட நல்லாத்தான் நடக்குதம்மா" என்றாள். கடலுக்குக் கிட்ட உப்புக் கூட, உள்ளே குறைவு: ‘கச்சாய் 3’ உம் ‘வரணி 7’ உம் எனக்கு அதற்குப் பிறகு வெறும் போத்தல்களாகத் தெரியவில்லை.

இயல்பு எவ்வளவு என்று எழுதி வைப்பதன் பெறுமதி எமக்குச் சுன்னாகத்தில் தெரிந்தது. 2014, 2015 இல் அங்குள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனங்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது வாசகர்கள் அறிந்ததே. வந்த அறிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எந்தத் தண்ணீரைக் குடிப்பது, எதை விடுவது என்று தாய்மார் தவித்தார்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. "முந்தி எப்பிடி இருந்தது எண்டு கிணறு கிணறாக் கணக்கு இருந்திருந்தால் இவ்வளவு இழுபட்டிருக்காது" என்பது மகளின் எண்ணம்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர். இனிக் கிணற்று ஆராய்ச்சி எதற்கு என்று சந்தையில் கேட்டார்கள். தோட்டத்துக்கு அந்தத் தண்ணீரை யார் விடுவார்? அதுவும் போக, அந்த நிலையமும் வானத்திலிருந்து விழவில்லை. உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடுகிற மென்சவ்வை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 1960 ஐ ஒட்டிச் செய்து காட்டியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப், நாற்பது வயதில் திரும்பப் படிக்க வந்தவர். மற்றவர் இந்தியாவிலிருந்து போன ஸ்ரீநிவாச சௌரிராஜன். எங்கள் நாட்டுத் தமிழரான சரவணமுத்து விக்னேஸ்வரன் முன்னர் பாங்கொக்கில் ஆசிய தொழில்நுட்ப நிறுவனத்திலும் பிறகு சிட்னித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வடித்தலையும் மென்சவ்வையுமே ஆராய்ந்து உலகறிந்த பேராசிரியரானவர்.

மகளுக்கும் கலாநிதிப் படிப்புக்கு பாங்கொக்கில் அதே நிறுவனத்தில்தான் இடம் கிடைத்தது. புலமைப்பரிசிலும் கிடைத்தது. அப்போது வந்தது பிணைக் கடிதம். சம்பளத்தோடு லீவு தருவதென்றால், திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் கட்டுகிற காசுக்கு இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவும் நிரந்தர உத்தியோகம் உள்ளவர்கள். தேங்காய் விற்கிறவளின் கையெழுத்து செல்லாது.

சொந்தத்தில் மூன்று வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள். "இப்ப போறவை ஆர் திரும்பி வருகினம்? பிறகு எங்கடை சம்பளத்திலையெல்லோ பிடிப்பாங்கள்" என்றார்கள். பிழை சொல்ல முடியாது. 2022 க்குப் பிறகு எத்தனை படித்தவர்கள் போய்விட்டார்கள். கனடாவிலிருந்து என் தம்பி தொலைபேசியில், "அக்கா, போனால் அங்காலை அப்பிடியே எங்கையாவது நிக்கச் சொல்லுங்கோ, காசை நான் கட்டுறன்" என்றான். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. போன ஒருவர் திரும்பி வராததை ஒருமுறை அனுபவித்தவள் நான். ஆனாலும் இந்த நாட்டுக்குத் திரும்பி வா என்று பெற்ற பிள்ளையிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அவளிடமே கேட்டேன். "வரத்தான் நினைக்கிறன் அம்மா. ஆனால் வந்தால் இஞ்சை எனக்கு ஆய்வுகூடத்திலை மெஷின் இருக்குமோ, வேலை செய்ய விடுவினமோ தெரியேல்லை" என்றாள். வேறு ஒன்றும் சத்தியம் பண்ணவில்லை. அதனால்தான் நான் நம்பினேன்.

கையெழுத்து வைத்தவர்கள் இருவருமே பெண்கள். ஒருவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். நைத்திரேற்றுக் கதைக்குப் பிறகு, மாப்பால் கொடுக்கும் வீடுகளுக்குப் போனால் கிணற்றையும் குழியையும் பார்த்துவிட்டு வருகிறவர். மற்றவர் கோண்டாவிலில் இருக்கும் ஒரு ஆசிரியை. 1995 இல் எங்கள் வளவில் இருந்த குடும்பமொன்றின் பிள்ளை. நான் கேட்டுப் போகவில்லை. யாரோ சொல்லித் தானாக வந்தார். கடிதத்தை முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். எனக்கு அது பிடித்தது.

போகுமுன் மகள் எனக்குப் பேனை மாதிரி ஒரு மானியைத் தந்து, பாவிக்கக் காட்டித் தந்தாள். தண்ணீரில் உப்புக் கூடினால் அதில் இலக்கம் கூடும். மாதத்தின் முதல் சனிக்கிழமை சந்தை முடிய நான் எட்டுக் கிணற்றுக்குப் போகிறேன். திகதி, கிணறு, இலக்கம், முதல்நாள் மழையோ வெயிலோ என்று ஒரு கொப்பியில் எழுதுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒருவருக்கு இது தேவைப்படலாமாம். கச்சாயில் அந்த வீட்டு ஆச்சி கதிரை கொண்டுவந்து போட்டு, "என்னவாம் பிள்ளை என்ரை கிணறு?" என்று கேட்பார். போன மாதம் இலக்கம் முந்திய மாதத்தைவிடக் கூடியிருந்தது. கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். நன்றி என்றோ கவனம் என்றோ ஏதும் எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தது: "அம்மா, மற்றக் கிணத்திலை வைச்ச மானியைக் கழுவிப்போட்டோ வைச்சனீங்கள்?"

கழுவவில்லை. அடுத்தநாள் காலை திரும்பவும் கச்சாய்க்குப் போனேன்.